ரேந்தை: ஒரு நூல், ரெண்டு கதை

ஆப்கானிஸ்தான்ல 2021 ஆகஸ்ட்ல தாலிபான் திரும்ப வந்த பிறகு பெண்களுக்கு ஒவ்வொரு கதவா சாத்திக்கிட்டே வர்றாங்க. முதல்ல ஆறாம் வகுப்புக்கு மேல பள்ளிக்கூடம் கிடையாதுன்னாங்க. 2022 டிசம்பர்ல கல்லூரி போச்சு, தொண்டு நிறுவன வேலையும் போச்சு. 2023 ஜூலையில அழகு நிலையங்களையும் மூடச் சொல்லிட்டாங்க. இத்தனைக்கும் நடுவுல ஒண்ணை மட்டும் அவங்க பெருசா கண்டுக்கலை. வீட்டுக்குள்ள உக்காந்து துணியில பூ போடுறது, கம்பளம் நெய்யறது, தைக்கிறது. அதனாலதான் வெளியில இருந்து உதவி பண்ண நினைக்கிறவங்க எல்லாம் "கைத்தொழில் மூலம் கிராமத்துப் பெண்கள் முன்னேற்றம்"னு ஆரம்பிக்கிறாங்க.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். ஊசியும் நூலும் ஒரு பொண்ணை விடுவிக்குமா, இல்ல இன்னும் நல்லா கட்டிப் போடுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட காபூல் வரைக்கும் போக வேண்டியதில்லை. நம்ம பக்கத்துலயே இருநூறு வருஷமா இந்தச் சோதனை நடந்துக்கிட்டு இருக்கு. ரெண்டு விதமான முடிவும் வந்திருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல கொஞ்சம் கோர்த்துப் பார்க்கலாம்னு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

விடுதலைக்கு விலை கொடுத்த நூல்

ரேந்தைன்னு ஒரு வார்த்தை இருக்கு. சென்னைப் பக்கம் இப்போ எல்லாரும் லேஸுன்னு சொல்றோம். நாகர்கோவில் பக்கத்துப் பெரியவங்க கிட்டயும் இலங்கைத் தமிழர்கள் கிட்டயும் கேட்டுப் பாருங்க, ரேந்தைன்னா தெரியும். போர்த்துகீசிய மொழியில 'ரெண்டா', நம்ம வாயில ரேந்தை ஆயிடுச்சு. அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் வந்த அதே கப்பல்ல வந்த வார்த்தை.

தென் திருவிதாங்கூர்ல இந்த வேலையைப் பெரிய அளவுல ஆரம்பிச்சு வச்சது லண்டன் மிஷன் காரங்க. 1819 கடைசியில சார்லஸ் மால்ட் என்கிற மிஷனரி தன் மனைவி மார்த்தாவோட நாகர்கோவில் வந்து சேர்றார். அவங்களுக்கு முன்னாடியே மீட் என்கிற மிஷனரி அங்க வந்தாச்சு. ரெண்டு வீட்டு அம்மாக்களும் சேர்ந்து பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்துறாங்க. இன்னிக்கு டதி பள்ளின்னு நாகர்கோவில்காரங்க சொல்ற பள்ளிக்கூடத்தோட வேர் அதுதான். எழுத்து, கணக்கு, பைபிள், கூடவே தையல். 1820-களின் ஆரம்பத்துல மார்த்தா மால்ட் அங்க ரேந்தை பின்னக் கத்துக் குடுக்கிறாங்க.

இது நாம சேலை ஓரத்துக்கு குரோஷா ஊசியில போடுற பின்னல் இல்லை. ஒரு திண்டு மாதிரி தலையணை. அது மேல டிசைன் வரைஞ்ச காகிதத்தை வச்சு குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைகள்ல சுத்தின நூலை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே போகணும். ஒரு கை அகலம் முடிக்கிறதுக்குள்ள கண்ணும் கழுத்தும் போயிடும்.

அந்தப் பிள்ளைகள்ல சிலபேர் அடிமைகள். திருவிதாங்கூர்ல அப்போ அடிமை முறை சட்டப்படியே இருந்தது. நிலத்தோட சேர்த்து ஆளையும் விக்கலாம், வாங்கலாம், அடமானம் வைக்கலாம். கம்பெனி ஆண்ட பகுதிகள்ல 1843ல அஞ்சாம் சட்டம் வந்து அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு போச்சு. திருவிதாங்கூர் அரசு முழுசா ஒழிக்கிறதுக்கு 1855 ஆச்சு. அதுக்கெல்லாம் முன்னாடியே நாகர்கோவில்ல அடிமைக் குடும்பத்துப் பெண்கள் ரேந்தை பின்னிச் சம்பாதிச்ச காசுல தங்களுக்கான விலையைக் கட்டி விடுதலை வாங்கியிருக்காங்க.

திரும்ப ஒரு தடவை படிங்க. எஜமான் கிட்ட தனக்கான விலையைத் தானே குடுத்துட்டு ஒரு பொண்ணு வெளிய வர்றா. அந்தக் காசு குண்டூசி குத்தின தலையணையில இருந்து வந்தது.

வித்தது யாருக்குன்னு கேட்டா, வெள்ளைக்கார அம்மாக்களுக்கு. அவங்க கழுத்துப் பட்டைக்கும் கைக்குட்டைக்கும். 1851ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சி வரைக்கும் நாகர்கோவில் ரேந்தை போயிருக்கு. பார்த்து வியந்த எத்தனை பேருக்கு அது யார் கை வேலைன்னு தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?

அதே ஊர்ல, அதே காலத்துலதான் தோள்சீலைப் போராட்டமும் நடக்குது. நாடார் பெண்கள் மேலாடை போடக் கூடாதுன்னு தடை, அதை மீறினவங்க மேல அடிதடி. கடைசியா 1859ல மகாராஜா அறிவிப்பு வருது, அதுவும் "மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக் கூடாது" என்கிற வாலோட. ஊருக்கே அழகா ரேந்தை பின்னித் தர்ற கை, தன் உடம்பை மறைக்க ஒரு தோள்சீலை போட்டா குற்றம். இந்த முரண்பாட்டை அந்தப் பெண்கள் தினமும் பாத்திருப்பாங்க.

மிஷனரிகளை ஒரேயடியா தெய்வமாக்கவும் வேண்டாம். அவங்களுக்கு அவங்க நோக்கம் இருந்தது, மதம் மாத்துறதும் அதுல சேர்த்தி. நல்ல பொண்ணுன்னா அடக்கமா உக்காந்து தைக்கணும்னு இங்கிலாந்துல இருந்து மூட்டை கட்டிக் கொண்டு வந்த எண்ணமும் இருந்தது. ஆனா ஒண்ணை மறுக்க முடியாது. அங்க பின்னினவளுக்குக் கூலின்னு ஒண்ணு கையில வந்தது. அதை வச்சு அவ தன் வாழ்க்கையில ஒரு பெரிய விஷயத்தை மாத்திக்க முடிஞ்சது. கூடவே படிக்கவும் தெரிஞ்சது.

அதே நூல், வேற முடிச்சு

இப்ப கோதாவரிக் கரைக்குப் போவோம். ஆந்திராவுல மேற்கு கோதாவரி மாவட்டம், நரசாபூர். இங்கயும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவுல ஸ்காட்லாந்து மிஷனரிக் குடும்பம் ஒண்ணு வந்து பெண்களுக்கு லேஸ் கத்துக் குடுத்தது. ஆரம்பம் கிட்டத்தட்ட நாகர்கோவில் மாதிரியே. ஏழைப் பெண்கள், பஞ்ச காலம், கைக்கு ஒரு வேலை.

ஆனா காலப்போக்குல மிஷன் கையில இருந்து வியாபாரிகள் கைக்கு மாறிடுச்சு. 1970-கள்ல வெளிநாட்டு ஆர்டர் குவிய ஆரம்பிச்சதும் ஊர்ல காசு வச்சிருந்த ஆண்கள் எல்லாம் ஏற்றுமதியாளர் ஆனாங்க. மரியா மீஸ் என்கிற ஜெர்மன் ஆய்வாளர் 1978-79ல அங்க போய்த் தங்கி, வீடு வீடா விசாரிச்சு எழுதின புத்தகம் 1982ல வந்தது. 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நரசாபூர்'. வீட்டு வேலை, பெண் உழைப்பு பத்திப் பேசுற யாரும் இன்னிக்கும் அதைத் தொடாம போறதில்லை.

அவர் பார்த்தது இதுதான். லேஸ் பின்ற பெண்கள் லட்சத்தைத் தாண்டும்னு அப்போ மதிப்பீடு. ஒரு நாளைக்கு ஆறு, எட்டு மணி நேரம் பின்னுவாங்க. ஒரு நாள் கூலி ஒரு ரூபாய் கூட தேறாது. வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. ஒருத்தி பூ மட்டும் பின்னுவா, இன்னொருத்தி பூக்களைச் சேர்த்து இணைப்பா. முழுசான மேஜை விரிப்பு எப்படி இருக்கும், எங்க போகுது, என்ன விலைக்கு விக்குதுன்னு பின்னினவளுக்குத் தெரியாது. நூலைக் குடுக்கிறவரும் ஏஜென்ட், முடிச்ச பீஸை வாங்கிட்டுப் போறவரும் ஏஜென்ட்.

எல்லாத்தையும் விட முக்கியமான விஷயம் ஒண்ணு. அந்தப் பெண்கள் யாருமே தொழிலாளி இல்லையாம்! "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல பொழுதுபோக்கா பின்றாங்க"ன்னு வியாபாரி சொல்றார். வீட்டுக்காரரும் அதையே சொல்றார். அந்தப் பொண்ணும் "நான் வீட்டைப் பாத்துக்கிறேன்"னு சொல்றா. வயல் வேலைக்குப் போற தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணுக்கு லேஸ் பின்றவளை விட அதிகக் கூலி. ஆனாலும் "நாங்க வெளிய போய் வேலை செய்யற சாதி இல்ல" என்கிறதுல லேஸ் பின்றவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்காக அவ குடுத்த விலையில ஏற்றுமதியாளர் மாடி வீடு கட்டினார்.

நாகர்கோவில்ல விடுதலை வாங்கித் தந்த அதே நூல். நரசாபூர்ல அதுவே நூலாங்கட்டு. ஊசி மாறலை, விரல் மாறலை. அப்ப எது மாறுச்சு?

மெட்ராஸ், 1978

இந்த இடத்துல நம்ம ஊர் ஆள் ஒருத்தர் வர்றாங்க. ஜெயா அருணாசலம். காங்கிரஸ் கட்சியில வேலை பார்த்தவங்க. மெட்ராஸ் குடிசைப் பகுதிகள்ல சுத்தினப்போ அவங்க பார்த்தது, பெண்கள் சும்மா இல்ல, எல்லாரும் ஏதோ ஒரு தொழில் செய்யறாங்க. பூ கட்டுறது, இட்லி சுட்டு விக்கிறது, காய்கறிக் கூடை, பழைய துணிக்குப் பாத்திரம். ஆனா காலையில சரக்கு வாங்க காசு கந்து வட்டிக்காரர் கிட்ட இருந்துதான் வரணும். சாயங்காலம் வட்டியோட திருப்பிக் குடுத்துட்டா கையில மிஞ்சுறது அன்னிக்கு உலைக்கு மட்டும். மறுநாள் காலையில திரும்ப அவர் வாசல்.

"ஏழைக்கு என்ன தெரியும், தொழில் கத்துக் குடுப்போம்"னு அவங்க ஆரம்பிக்கலை. தொழில் எல்லாருக்கும் தெரியும். இல்லாதது வங்கிக் கடனும் சங்கமும்தான். 1978ல சுமார் 800 பெண்களோட உழைக்கும் மகளிர் மன்றம், அதாவது ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், மெட்ராஸ்ல ஆரம்பமாச்சு. பத்து இருபது பேர் சேர்ந்து ஒரு அக்கம்பக்கக் குழு. ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன். தேசிய வங்கிகள்ல ஏழைகளுக்கு 4 சதவீத வட்டிக்குக் கடன் தர்ற திட்டம் ஒண்ணு 1972ல இருந்தே இருந்தது, ஆனா இவங்க யாரும் வங்கி வாசப்படி மிதிச்சதில்லை. அந்தக் கடனை வாங்கிக் குடுத்தாங்க. நூறு, இருநூறு, முன்னூறு ரூபாய். திருப்பிக் கட்டுறதுல இந்தப் பெண்கள் பெரிய முதலாளிகளையே தோற்கடிச்சாங்க. வங்கிகளோட நெளிவு சுளிவு போதும்னு 1981ல தங்களுக்குன்னு ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே தொடங்கிட்டாங்க.

மன்றத்தோட அமைப்பாளர்கள் படிச்ச வீட்டு அம்மாக்கள் இல்ல, அதே தெருப் பெண்கள். சாதி பாத்துக் குழு கிடையாது. கலப்புத் திருமணங்களை மன்றமே முன்னின்னு நடத்தினது.

இங்கதான் என் கதையோட ரெண்டு நூலும் சேருது. இந்த மெட்ராஸ் மன்றம் 1980 வாக்குல நரசாபூருக்கே போச்சு! லேஸ் பின்ற பெண்களைச் சேர்த்துக் குழு கட்டி, கடன் வாங்கிக் குடுத்து, நூலை அவங்களே வாங்கவும் ஏஜென்ட் இல்லாம விக்கவும் வழி பண்ணினாங்க. அதுவரைக்கும் "வீட்ல சும்மா இருக்கிறவ"ன்னு சொன்ன பொண்ணு சங்க அட்டையில தொழிலாளின்னு கையெழுத்துப் போட்டா. புதுசா எந்தக் கைவேலையும் யாரும் கத்துக் குடுக்கலை. மாறினது கணக்குப் புத்தகம் யார் கையில இருக்கு என்கிறது மட்டும்தான். ஜெயா அருணாசலம் 2019ல காலமானாங்க. பத்திரிகையில நாலு வரி வந்ததோட சரி, நாம யாரும் பெருசா எழுதலை.

அரசாங்கமும் பிறகு இதே பாதையில வந்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ல தொடங்குச்சு. 1989ல ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதி உதவியோட தருமபுரியில சுய உதவிக் குழுக்கள் வந்தது. 1997ல மகளிர் திட்டமா மாநிலம் முழுக்கப் பரவுச்சு. இன்னிக்குக் குழு இல்லாத தெரு இல்லை.

ஆவடியில ஒரு தையல், அம்பத்தூர்ல ஒரு தையல்

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். சென்னைக்கு மேற்கே இருக்கிற எங்க பக்கம் உண்மையில ஒரு தையல் பூமி. யாரும் அப்படிச் சொல்றதில்லை, அவ்ளோதான்.

ஆவடியில ஓ.சி.எஃப். இருக்கு. 1961ல தொடங்கின ராணுவ உடைத் தொழிற்சாலை. பட்டாளத்துக்காரங்க போடுற சட்டையும் கோட்டும் தைக்கிற இடம். 2021ல படைத்துறைத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனியாப் பிரிச்சப்போ இது ட்ரூப் கம்ஃபோர்ட்ஸ் என்கிற கம்பெனிக்குக் கீழ போச்சு. தலைமுறை தலைமுறையா அங்க மெஷின்ல உக்காந்து தைச்சவர் மத்திய அரசு ஊழியர். சம்பளம், விடுப்பு, குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தது. அந்தத் தையல்ல பிள்ளைங்களைப் படிக்க வச்சு இஞ்சினியர் ஆக்கின குடும்பங்கள் ஆவடியில எத்தனையோ.

மூணு ஸ்டேஷன் தள்ளி அம்பத்தூர். 1960-கள்ல வந்த தொழிற்பேட்டை. இஞ்சினியரிங் பட்டறைகளுக்கு நடுவுல ஏற்றுமதித் துணிக் கம்பெனிகள். ஷிப்ட் முடியற நேரத்துல எஸ்டேட் ரோட்ல நின்னு பாருங்க, கழுத்துல ஐ.டி. கார்டோட கூட்டம் கூட்டமா பெண்கள். இவங்களுக்கான குறைந்தபட்சக் கூலியை அரசு 2014 கடைசியில உயர்த்தினப்போ முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2016ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும்னு சொல்லுச்சு. சங்கம் இருந்ததால அந்த வழக்காவது நடந்தது.

அந்தக் கம்பெனி வாசலையும் தாண்டி உள் தெருக்களுக்கு வாங்க. மதியம் மூணு மணிக்கு வாசப்படியில துணி மூட்டையைப் பிரிச்சு வச்சுக்கிட்டு அக்காக்கள் உக்காந்திருப்பாங்க. பிசிறு நூல் வெட்டணும், பட்டன் வைக்கணும், சுடிதார்ல மணி, ஜமிக்கி கோர்க்கணும். பீஸ் ரேட்டு. மூட்டையைக் கொண்டு வந்து போடுறவர் சொல்றதுதான் ரேட்டு. "என்னக்கா, வேலைக்குப் போறீங்களா?"ன்னு கேட்டா வர்ற பதில்:

"இல்லப்பா, சும்மா வீட்லதான் இருக்கேன்."

நரசாபூர்ல நாப்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதி வச்ச வசனம் அம்பத்தூர் வாசப்படியில அப்படியே கேக்குது. பூவிருந்தவல்லிப் பக்கம் போனா பூ கட்டுற கைகளும் இதே பதிலைத்தான் சொல்லும், ஊர் பேர்லயே பூ இருந்தும்!

நல்ல ஏற்பாடுகளும் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. சமூக நலத்துறைக்குக் கீழ மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களோட இலவசச் சீருடை இந்தச் சங்கப் பெண்கள் தைக்கிறதுதான். திருமுல்லைவாயில்ல பெண் தொழில்முனைவோருக்குன்னே சிட்கோ ஒரு தொழிற்பேட்டை வச்சிருக்கு. ஆனா வாசப்படி அக்காவுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கிற தூரம் ரொம்ப அதிகம்.

திரும்ப காந்தஹாருக்கு

காந்தஹார்ல 'காமக்'னு ஒரு பூ வேலை இருக்கு. துணியோட இழையை எண்ணி எண்ணி பட்டு நூல்ல போடுறது. முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. மாப்பிள்ளை சட்டைக்கு மணப்பெண் போட்டுத் தர்ற வழக்கம். ரங்கினா ஹமீதி என்கிறவங்க, போருக்காக அமெரிக்காவுக்கு ஓடின குடும்பம், 2003ல ஊர் திரும்பி இந்த வேலை தெரிஞ்ச பெண்களை ஒண்ணு சேர்த்தாங்க. அது பிறகு பெண்களே நடத்துற கம்பெனியா ஆச்சு. 2011ல காந்தஹார் மேயரா இருந்த அவங்க அப்பாவைக் குண்டு வச்சுக் கொன்னாங்க. அப்பவும் அவங்க விடலை. பிறகு நாட்டுக்குக் கல்வி அமைச்சரும் ஆனாங்க, 2021 வரைக்கும்.

நம்ம நாட்டுக்கும் அதுல பங்கு உண்டு. இலா பட் 1972ல ஆமதாபாத்ல தொடங்கின சேவா அமைப்பு, இந்திய அரசு உதவியோட காபூலுக்குப் போய் போர்ல கணவனை இழந்த பெண்களுக்குத் தையலும் மத்த தொழில்களும் சொல்லிக் குடுத்தது. வெறும் தையல் இல்ல, சங்கம் கட்டுறதும் சேர்த்து. அதே சேவா பல வருஷம் கத்தினதுல 1996ல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து வேலை செய்யறவங்களுக்குன்னு 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டு வந்தது. இந்தியா இன்னும் அதுல கையெழுத்துப் போடலை. சத்தம் போட்டு வாங்கினதே நம்ம நாட்டுப் பெண்கள்!

தாலிபான் ஏன் ஊசியை விட்டு வச்சிருக்காங்கன்னு இப்ப புரியுது. ஊசி வீட்டை விட்டு வெளிய வராது. ஒருத்தியை இன்னொருத்தியோட சேர விடாம, சந்தைக்கு அனுப்பாம, கணக்குப் படிக்க விடாம வச்சுட்டா, அவ எவ்வளவு அழகா பூ போட்டாலும் யாருக்கும் ஆபத்தில்லை. நாகர்கோவில்ல ரேந்தையோட கூட பள்ளிக்கூடம் இருந்தது. மெட்ராஸ்ல கடனோட கூட சங்கம் இருந்தது. அந்தக் 'கூட' இருக்கிறதைப் பிடுங்கிட்டா மிஞ்சுறது நரசாபூர்.

அதனால இனிமே யாராவது "பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்சி"ன்னு ஆரம்பிச்சா நான் கேக்கப் போறது நாலே கேள்விதான். நூலை வாங்குறது யாரு? விலை சொல்றது யாரு? காசு யார் கைக்கு வருது? அவங்க மாசத்துக்கு ஒரு தடவையாவது ஒண்ணா உக்காந்து பேசுறாங்களா? நாலுக்கும் பதில் "அந்தப் பெண்கள்தான்"னு வந்தா, அது விடுதலை. இல்லைன்னா அது இன்னொரு மூட்டை.

பெரிய புரட்சி பண்ண முடியலைன்னாலும் நம்மளால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. பீடி சுத்துறவங்களுக்கு 1966லயே தனிச் சட்டம் வந்து, வீட்ல சுத்தினாலும் தொழிலாளின்னு எழுதிடுச்சு. தையல் வேலை செய்யறவங்களுக்கும் தமிழ்நாட்டுல நல வாரியம் இருக்கு. 2021ல மத்திய அரசோட இ-ஷ்ரம் பதிவும் வந்தாச்சு. உங்க தெருவுல மூட்டை பிரிக்கிற அக்கா யாராவது இருந்தா, ஒரு மத்தியானம் ஒதுக்கி அவங்க பேரைப் பதிஞ்சு குடுங்க. 'தொழில்' என்கிற கட்டத்துல 'இல்லத்தரசி'ன்னு மட்டும் போட்டுடாதீங்க.

பி.கு: நாகர்கோவில், நெய்யூர், மார்த்தாண்டம் பக்கத்துப் பதிவர்கள் யாராவது, ரேந்தை பின்னின உங்க பாட்டி, பூட்டி கதை தெரிஞ்சா அவசியம் எழுதுங்க. தலையணையும் கட்டையும் இன்னும் பரண்ல கிடந்தா ஒரு போட்டோவும் போடுங்க. மார்த்தா அம்மா பேர் புத்தகத்துல இருக்கு. பின்னினவங்க பேர்தான் நமக்கு வேணும்.